மலைப் பாதைக்குச் சரக்கு வண்டி: டயர், ஸ்பிரிங், பம்பர் மாற்றுமுன்

மளிகைக் கடைக்காரர்களும் சிறு மொத்த வணிகர்களும் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்துக் கொள்வது இன்று சாதாரணமாகிவிட்டது. 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரும் வைத்த பிறகு, வாடகை வண்டிக்குக் காத்திருந்த காலம் மெல்ல மாறியது. வியாபாரம் பெருகியவர்கள் அதற்கு அடுத்தபடியாக ஒரு டன், ஒன்றேகால் டன், ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் வண்டிகளை வாங்குகிறார்கள்.

சமவெளியில் ஓடும் வரை கம்பெனி கொடுத்தபடியே வண்டியை ஓட்டலாம். மலை ஊர்களுக்குச் சரக்கு அனுப்பும் வணிகருக்குத்தான் கேள்வி எழுகிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. தார்ச்சாலை முடிந்த பிறகு தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் போகும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் கல்லும் சேறுமாக இருக்கும். வண்டி ஒருமுறை சேற்றில் சிக்கினாலோ, அடிப்பாகம் பாறையில் இடித்தாலோ, உடனே பட்டறைக்குப் போய், "பின்னால் இரண்டு பிளேட் சேர்த்துவிடு, பெரிய டயராகப் போடு, முன்னால் கனமான பம்பர் வை" என்று சொல்லிவிடுகிறோம். பட்டறைக்காரரும் சொன்னபடி செய்து கொடுப்பார். அது அவர் தொழில். அந்த மாற்றத்தால் நம் வண்டியின் பிரேக்குக்கும், ஏற்றும் சரக்குக்கும், பதிவுச் சான்றுக்கும் என்ன ஆகிறது என்பதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலோர் முதலில் பம்பரையும், அடுத்து டயரையும், கடைசியில் ஸ்பிரிங்கையும் கவனிக்கிறார்கள். பம்பர் கண்ணுக்குத் தெரிகிறது என்பதைத் தவிர இந்த வரிசைக்கு வேறு காரணம் தெரியவில்லை. சரக்கு வண்டிக்குப் பணத்தை டயரில் தொடங்குவதே சரி. அதற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் எடைமேடை

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வெற்று எடை, மற்றொன்று பாரத்துடன் கூடிய மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் சரக்காக ஏற்றலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஓட்டுநரும் சுமை தூக்குபவரும் அந்த வித்தியாசத்தில்தான் அடங்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மொத்த எடை 3,000 கிலோ, வெற்று எடை 1,700 கிலோ உள்ள ஒரு வண்டிக்கு வித்தியாசம் 1,300 கிலோ. ஆள் ஒன்றுக்கு 70 கிலோ வீதம் இருவருக்கு 140 கிலோ கழித்தால் மீதி 1,160 கிலோ. 25 கிலோ சிப்பமாக அரிசி ஏற்றினால் 46 சிப்பம். இதுதான் அந்த வண்டியின் உண்மையான கொள்ளளவு.

இப்போது இதே வண்டிக்கு 45 கிலோவில் முன் கம்பி பம்பர், 25 கிலோவில் கூரைமேல் கேரியர், 30 கிலோவுக்கு கூடுதல் ஸ்பிரிங் பிளேட்டுகள் பொருத்துகிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நூறு கிலோ கூடிவிட்டது. மொத்த எடையின் வரம்பு மாறவில்லை. ஆகவே நடைக்கு 4 சிப்பம் குறைகிறது. ஆண்டுக்கு 200 நடை போனால் 20 டன் சரக்கு. இருபது டன்னுக்கு உரிய வாடகையைத் தாங்களே தங்கள் வண்டிக்குக் கொடுத்துக் கொண்டு, இரும்பைச் சுமந்து மலையேறி இறங்குகிறீர்கள்.

ஆகவே எந்த மாற்றமும் செய்யும் முன், வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வண்டியை எடைமேடைக்குக் கொண்டு போங்கள். முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பின் அச்சின் பாரம் கிடைக்கும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பை மீறியிருக்கும் வண்டிகள் உண்டு. கனமான சரக்கை எல்லாம் பின் கதவோரம் அடுக்கி, மிக்சர், அப்பளப் பெட்டிகளை முன்னால் வைத்தால் இப்படி ஆகும். அந்த வண்டிக்குப் புது ஸ்பிரிங் தேவையில்லை. எண்ணெய் டின்களையும் உப்பு மூட்டைகளையும் கேபினை ஒட்டி அடுக்கினால் போதும், பின்பக்கம் தொங்குவது நின்றுவிடும்.

டயரில் பார்க்க வேண்டிய எண்கள்

டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. '215/75 ஆர் 15' என்றால் டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரேடியல் வகை, உள்ளே பொருந்தும் ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண் ஒரு டயர் தாங்கும் பாரத்தின் குறியீடு. எழுத்து வேகத்தைக் குறிக்கும். வணிகருக்கு முக்கியம் அந்த எண்தான்.

100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 106 என்றால் 950, 109 என்றால் 1,030, 112 என்றால் 1,120 கிலோ. சரக்கு வண்டி டயர்களில் 109/107 என்று இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது ஒற்றை டயராகப் போடும்போதும், இரண்டாவது ஜோடி டயராகப் போடும்போதும் பொருந்தும்.

நம் உதாரண வண்டியின் பின் அச்சுக்கு அனுமதித்த பாரம் 1,900 கிலோ என்று கொள்வோம். பக்கத்துக்கு 950 கிலோ. ஆகவே 106-க்குக் குறைந்த டயர் கூடவே கூடாது, 109 இருந்தால் நிம்மதி. இந்த இடத்தில்தான் அகலமான டயர் மோகம் தவறாகப் போகிறது. ஜீப் வகைச் சொகுசு வண்டிகளுக்கென்று வரும் 235/75 ஆர் 15 டயர்களில் 105 என்று அச்சிட்டவை உண்டு. அதாவது 925 கிலோ. கம்பெனி டயரைவிட அகலமாகவும் முரட்டுத்தனமாகவும் தெரியும் டயர், உண்மையில் தாங்கும் பாரத்தில் குறைவாக இருக்கும். மலையிலிருந்து முழுப் பாரத்தோடு இறங்கும்போது, பிரேக் சூடும் சேர்ந்து அந்த டயர் வெடித்தால் ஓட்டுநர் கதி என்ன? சரக்கு வண்டிக்கு 'எல்டி' என்று குறித்த இலகு ரகச் சரக்கு டயரைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது விட்டம். மேலே சொன்ன 215 டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர், 235 டயர் சுமார் 733 மில்லிமீட்டர். முப்பது மில்லிமீட்டர் வித்தியாசம். இதில் பாதி, அதாவது 15 மில்லிமீட்டர்தான் வண்டி உயர்கிறது. ஒரு விரல் அகலம்கூட இல்லை. இதற்கு நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சக்கரம் நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல் பெரிதாவதால், ஏற்றத்தில் தரையைத் தள்ளும் விசை அதே அளவு குறைகிறது. கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் கிளட்ச்சைத் தேய்த்து ஏற்றும் வண்டிக்கு அந்த நாலு பங்கும் பெரிது. பிரேக் பிடிக்கும் விசையும் இதே அளவு குறையும். இறக்கத்தில் கியரில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பலமும் குறையும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடிக் கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது அகலமான டயர் ஸ்பிரிங்கிலோ மட்கார்டிலோ உரசினால், எழுபது வளைவிலும் உரசிக் கொண்டே போகும். இதைத் தவிர்க்க வெளியே தள்ளி நிற்கும் ரிம் போடுவார்கள். அதன் பாரம் வீல் பேரிங்கில் போய் விழும்.

ஆகவே கம்பெனி கையேட்டில் கொடுத்திருக்கும் அளவே நம் அளவு. அந்த அளவுக்குள் பட்டனை மாற்றிக் கொள்ளலாம். முழுவதும் தார்ச்சாலை என்றால் சாதாரணச் சாலை டயரே சிறந்தது. மழை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், மெதுவாகத் தேயும். நடையின் கடைசிப் பகுதி மண் பாதையாக இருந்தால், இரண்டுக்கும் பொதுவான 'ஆல் டெரெய்ன்' பட்டன் போதும். சேற்றுக்கென்றே வரும், கட்டை கட்டையான இடைவெளி விட்ட 'மட் டெரெய்ன்' டயர் நம் தொழிலுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. முப்பது கிலோமீட்டர் தார்ச்சாலையில் அது இரைந்து, வேகமாகத் தேய்ந்து, டீசலையும் அதிகம் குடித்து, ஈரத் தாரில் பிடிப்பும் குறைந்து, மூன்று கிலோமீட்டர் சேற்றில் மட்டும் உதவும்.

சேற்றில் வண்டி சிக்குவதற்கு டயரைவிடப் பெரிய காரணம் பல நேரங்களில் காலி வண்டிதான். பின் சக்கரம் தள்ளும் பிக்கப்பில் பாரம் இல்லாதபோது பின்புறம் லேசாக இருக்கும். சக்கரம் சுற்றுமே தவிர நகராது. அன்னாசியோ பலாவோ ஏற்றி வரக் காலியாக மேலே போகும் நாளில், நாலைந்து உப்பு மூட்டையைப் பின் அச்சுக்கு நேர்மேலே போட்டு, நகராதபடி கயிற்றால் கட்டிக் கொண்டு போகலாம். உப்பு அங்கேயே விற்றுப் போகும். கூடவே ஒரு மண்வெட்டி, இரண்டு தடித்த பலகை, நல்ல இழுவைக் கயிறு. இவை நாலு டயர் மாற்றும் செலவில் ஒரு சிறு துளி.

பழைய பழக்கங்களில் இரண்டை விட்டாக வேண்டும். ஓர் அச்சில் ஒரு பக்கம் நைலான் டயரும் மறு பக்கம் ரேடியலும் போடுவது ஆபத்து. மலைக்குப் போகும் வண்டியின் முன் சக்கரத்தில் ரீட்ரெட் டயர் போடுவதும் கூடாது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. பட்டன் இடுக்குகளில் சிறு மேடு வைத்திருப்பார்கள். டயர் அந்த மேட்டு மட்டத்துக்குத் தேய்ந்தால் காலம் முடிந்தது என்று பொருள். மலை மழைக்கு அதுவரை காத்திருக்காமல் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கும் நாம் டயரில் பார்க்காமல் வாங்கலாமா?

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்போர் நாலு டயரையும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பிடிப்புள்ள தரையில் நாலு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டும்போது கியர் பெட்டியும் அச்சும் ஒன்றை ஒன்று முறுக்கிக் கொள்ளும்.

பிளேட் சேர்ப்பதில் மறைந்திருக்கும் ஆபத்து

பின் ஸ்பிரிங்கில் பிளேட் சேர்ப்பதைத்தான் நம்மில் அதிகம் பேர் செய்கிறோம். ஆகவே இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கின் விறைப்பு பிளேட்டுகளின் எண்ணிக்கையோடு ஏறும். ஒரே கனத்தில் ஐந்து பிளேட் இருக்கும் கட்டில் ஆறாவதைச் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விறைப்பு கூடும். கனத்தைக் கூட்டினால் கதையே வேறு. விறைப்பு கனத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் ஏறும். 7 மில்லிமீட்டர் பிளேட்டுக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால், ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அந்தப் பிளேட் ஒன்றரை மடங்கு விறைப்பாகிவிடும். "கொஞ்சம் கனமான பிளேட்டாகப் போடு" என்று சொல்லும்போது எவ்வளவு பெரிய மாற்றத்தைக் கேட்கிறோம் என்று பாருங்கள்.

விறைத்த ஸ்பிரிங் பாரத்தோடு போகும்போது நன்றாகத்தான் தெரியும். காலியாகவோ அரைப் பாரத்திலோ வரும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் பின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. முட்டை, கண்ணாடி பாட்டில், சோடா ஏற்றுபவர்களுக்கு உடைசல் கூடும். அடி முழுவதும் சேசிசுக்கும் பாடிக்கும் போவதால் வெல்டு விடும்.

இதைவிடப் பெரிய விஷயம் பிரேக். பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிசுக்கும் இடையே ஒரு சிறு கம்பியும் அதன் முனையில் ஒரு வால்வும் இருக்கும். எல்.எஸ்.பி.வி. என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். வண்டியில் பாரம் ஏறினால் சேசிஸ் தாழும். கம்பி அந்தத் தாழ்வை உணர்ந்து, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும்படி வால்வைத் திறக்கும். காலி வண்டியில் சேசிஸ் உயர்ந்து நிற்கும்போது, பின் சக்கரம் பூட்டிக் கொண்டு வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும்.

நாம் பிளேட் சேர்த்தால் முழுப் பாரத்திலும் சேசிஸ் தாழாது. ஆயிரம் கிலோ மேலே இருந்தாலும் வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு எடுத்துக் கொள்ளும். பின் பிரேக்குக்குப் போக வேண்டிய அழுத்தம் போகாது. முன் பிரேக்கே முழு வேலையும் செய்யும். சமவெளியில் இது தெரியவே தெரியாது. எழுபது வளைவு இறங்கும்போது முன் பிரேக் சூடேறி, பாதி மலையில் பெடல் பிடிக்காமல் போகும். 'பிரேக் பெயிலியர்' என்று செய்தியில் வரும், ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட் சேர்த்தது யாருக்கும் நினைவில் இருக்காது. பட்டறையில் அந்தக் கம்பியை மதிப்பாக வளைத்துச் 'சரி' செய்து கொடுப்பவர்களும் உண்டு. அது அதைவிடக் கெடுதல். மழை நாளில் காலி வண்டியின் பின் சக்கரம் பூட்டிக் கொண்டு வண்டி சுழன்றுவிடும். அதை அளந்து வைக்கும் முறை கம்பெனி சர்வீஸ் கையேட்டில் இருக்கிறது. கம்பெனி சர்வீஸில்தான் அதைச் செய்ய வேண்டும்.

அப்படியானால் பின்புறம் தொங்கும் வண்டிக்கு என்ன செய்வது? முதலில் பாரம் வரம்புக்குள் இருக்கிறதா என்று எடைச் சீட்டைப் பாருங்கள். வரம்புக்குள் இருந்தும் தொங்கினால் ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று அர்த்தம். வளைவு நிமிர்ந்திருக்கும், அல்லது ஏதாவது ஒரு பிளேட்டில் விரிசல் இருக்கும். அப்போது கம்பெனி கொடுத்த அதே கனம், அதே எண்ணிக்கையில் இரு பக்கமும் புதுக் கட்டுகள் போடுவதே சரியான வைத்தியம். பழைய பிளேட்டைக் கேஸ் தீயில் பழுக்கக் காய்ச்சி வளைத்துத் தருவார்கள். செலவு குறைவுதான். ஆனால் ஸ்பிரிங் இரும்புக்கு ஏற்றிய பதம் அந்தத் தீயில் போய்விடும். சில மாதத்தில் மறுபடி நிமிரும், அல்லது ஒடியும். ஸ்பிரிங்கில் வெல்டிங் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வண்டியை இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் உயர்த்தும் 'லிப்ட் கிட்' விளம்பரங்களை இப்போது எல்லாரும் பார்க்கிறோம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிக்கப் என்பது பெரும்பாலும் குடும்ப வண்டி. காட்டுக்கும் பாலைவனத்துக்கும் பொழுதுபோக்காகப் போவோருக்காக அங்கே வந்த சாமான் அது. ஆஸ்திரேலியாவில் சான்று பெற்ற ஸ்பிரிங் தொகுப்பைப் பொருத்தி வண்டியின் மொத்த எடை வரம்பையே சட்டப்படி உயர்த்திக் கொள்ள வழி இருக்கிறது. நம் நாட்டில் உரிமையாளர் ஸ்பிரிங்கை மாற்றினால் ஆர்.சி.யில் உள்ள எடை ஒரு கிலோகூட உயராது. மேலும், ஆளுயரம் சரக்கு அடுக்கிய வண்டியை உயர்த்தினால் வளைவில் சாயும் போக்கும் கூடும். பிரேக் ஹோஸ் இழுபடும். அடி இடிக்கும் பாதைக்கு, இன்ஜின் அடியில் கம்பெனித் தகடு இருக்கிறதா என்று பார்த்துப் பொருத்திக் கொள்வதும், பாறை உள்ள இடத்தில் ஒருவர் இறங்கி வழி காட்டுவதும் போதும்.

ஷாக் அப்சார்பரை நாம் கவனிப்பதே இல்லை. அது பாரத்தைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஆடுவதை அடக்கிச் சக்கரத்தைத் தரையோடு வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஆயில் கசிந்தாலும், டயர் அலை அலையாகத் தேய்ந்தாலும் ஷாக் போய்விட்டது என்று அறியலாம். மண் பாதையில் தொடர்ந்து ஓடும் வண்டிக்குப் புது ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி தரும் பலனைப் பிளேட் சேர்ப்பது தராது. பிளேட் முனைகளில் உள்ள ஷாக்கிள், புஷ் ஆகியவற்றையும் அதே சமயம் மாற்றிவிட வேண்டும்.

பம்பரும் சட்டமும்

கனமான கம்பி பம்பர் வண்டியைக் காக்கும் என்பது பரவலான நம்பிக்கை. கம்பெனி பம்பரும் முன்பகுதித் தகடும் மோதும்போது நசுங்க வேண்டும் என்றே செய்யப்பட்டவை. நசுங்குவதில்தான் அடியின் வேகம் குறைகிறது. சேசிசோடு நேரே இறுக்கிய இரும்புக் கம்பி நசுங்காது. அடி அப்படியே சேசிசுக்கும் உள்ளே இருப்பவருக்கும் போகும். ஏர்பேக் உள்ள வண்டியில் அது விரிய வேண்டிய நேரமும் கெடும். எதிரே வரும் பாதசாரிக்கோ அது எமன். ரேடியேட்டருக்கு முன்னால் கம்பியும் கூடுதல் விளக்குகளும் அடைத்துக் கொண்டால், மெதுவாக ஏறும் மலை ஏற்றத்தில் இன்ஜின் சூடேறும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இத்தகைய கம்பிக் காப்புகளைப் பொருத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அந்தப் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எரிபொருள் வகையை மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு மட்டுமே வழி உண்டு, அதற்கும் பதிவு அலுவலக ஒப்புதல் தேவை. 2019-இல் திருத்திய சட்டத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதிகப் பாரத்துக்கு ரூ.20,000, அதன்மேல் கூடுதலாகும் டன் ஒவ்வொன்றுக்கும் ரூ.2,000. அதிகச் சரக்கை இறக்கும் செலவும் நம்முடையது, இறக்கும் வரை வண்டி நகர முடியாது. நடுவழியில் சர்க்கரை மூட்டையை இறக்கி வைத்து மழைக்குக் காவல் இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்சூரன்சும் இதில் சேர்கிறது. தெரிவிக்காத மாற்றமோ அதிகப் பாரமோ விபத்துக்குக் காரணம் என்று சர்வேயர் எழுதினால், இழப்பீடு கேட்கப் போகும் இடத்தில் வழக்காடப் போக நேரும். புது வண்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எப்.சி. காட்ட வேண்டும். அப்போது கம்பியைக் கழற்றி, பிறகு மாட்டுவது சிலருக்கு வழக்கம். அந்தக் கூலியையும் பம்பர் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பம்பர் அடிபடுவது பெரும்பாலும் மலையில்கூட அல்ல. நம் கிடங்கு வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதுதான் பின் கதவும் விளக்கும் உடைகின்றன. வண்டிக்கு இரும்பு வைப்பதற்குப் பதில், கிடங்குத் திண்ணையின் விளிம்பில் இரண்டு பழைய டயர்த் துண்டுகளைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். எடையும் கூடாது, அபராதமும் வராது. முன்புறம் கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கி உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொண்டால் போதும்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும்போது

டயர், ஸ்பிரிங், ஷாக் எதை வாங்கினாலும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும் நம் எண்ணும் உள்ள பில்லாக வாங்குங்கள். சரக்கு வண்டி சொந்த வியாபாரத்துக்கு ஓடுவதாலும், தாங்கள் வழக்கமான முறையில் வரி செலுத்துபவராக இருப்பதாலும், அந்த வரியை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு இது கிடையாது. பழைய ஸ்பிரிங் கட்டைப் பட்டறையில் விட்டு வராமல் எடைக்குப் போட்டால் அதுவும் ஒரு வரவு.

டயர் மாற்றினால் அலைன்மென்ட் பார்த்து, காற்றைக் கையேட்டில் சொன்னபடி டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். மலை இறங்கி வந்த சூட்டில் அழுத்தம் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. பின்புறத்தில் ஸ்பிரிங் வேலை நடந்திருந்தால் ஹெட்லைட் உயரத்தையும் சரி பார்க்கச் சொல்லுங்கள். வளைவில் எதிரே ஏறி வருபவரின் கண்ணில் நம் வெளிச்சம் அடிக்கக் கூடாது. சக்கரம் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். ஸ்பிரிங் கட்டு மாற்றியிருந்தால் யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒருமுறை முடுக்க வேண்டும். பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பின் அவை தளர்ந்திருக்கும். தளர்ந்த யூ போல்ட்டில்தான் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்கிறது. வேலை முடிந்த முதல் வாரத்து நடைகளைச் சமவெளிக்கே அனுப்பி, இந்த முடுக்கல் முடிந்த பிறகு வண்டியை மலைக்கு ஏற்றச் சொல்லுங்கள்.